மூட்டுநோய் உள்ளவர்களே, கண்ணையும் கவனியுங்கள்

காலையில் எழுந்ததும் ஒரு மணித்தியாலம் வரை கைவிரல்களை மடக்க முடியாமல் சிரமப்படும் ஒரு தாயை எண்ணிக் கொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. பத்து வருடங்களாக முடக்குவாதம். மாதம் ஒருமுறை பஸ் ஏறி ஆதார வைத்தியசாலைக்குப் போய்க் குளிசை எடுத்து வருகிறார். ஒரு நாள் அவருடைய வலக்கண் சிவக்கிறது. "வெய்யிலுக்குள்ளே நின்று மிளகாய் பிடுங்கினாய், சூடு பிடிச்சிட்டுது பிள்ளை" என்கிறார் மாமியார். முதல் நாள் நந்தியாவட்டைப் பூச்சாறு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைப் பெற்றவளிடம் கேட்டு வாங்கிய முலைப்பால். ஐந்தாம் நாள் மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து. சிவப்புச் சற்றுக் குறைகிறது. ஆனால் இரவில் கண்ணைக் குடையும் நோவு நித்திரையைக் கெடுக்கிறது. மூன்றாவது கிழமை கண் வைத்தியரிடம் போகும்போது கருவிழியின் ஓரம் அரித்துப் பள்ளமாகி விட்டது.

இது குறிப்பிட்ட ஒருவருடைய கதையன்று. ஆனால் எந்தக் கிராமத்திலும், எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. அந்த வீட்டில் எல்லாரும் அன்போடுதான் பார்த்தார்கள். ஒரு விடயம் மாத்திரம் எவருக்கும் தெரியவில்லை. விரலைக் கோணச் செய்த அதே நோய்தான் கண்ணையும் சிவக்க வைத்தது. மூட்டுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியருக்குக் கண்ணைப் பற்றி எவரும் சொல்லவில்லை. சொட்டு மருந்து விற்றவருக்கு மூட்டைப் பற்றி எவரும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவல்காரன் வீட்டாரையே அடித்தால்

எமது உடலுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி என்றொரு காவல் உண்டு. கிருமிகள் உள்ளே வந்தால் அவற்றை இனங்கண்டு அழிப்பது அதன் வேலை. சிலருடைய உடலில் இந்தக் காவல் தடம் மாறிவிடுகிறது. வெளியார் யார், வீட்டார் யார் என்ற வேறுபாடு தெரியாமல் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகிறது. இதற்கான காரணம் முழுமையாக அறியப்படவில்லை. பரம்பரைத் தன்மை, புகைத்தல், சில தொற்றுக்கள் ஆகியவை அதில் பங்கு கொள்கின்றன. பெரும்பாலும் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுகின்ற நோயன்று.

இத்தாக்குதலுக்கு முக்கியமாக உள்ளாவது தொடுப்பிழையம். உடலின் உறுப்புகளை ஒன்றோடொன்று தொடுத்துத் தாங்கி நிற்கும் இழையம் இதுவாகும். மூட்டு, தோல், இரத்தக் குழாய்களின் சுவர், உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள உறைகள் எங்கும் இது உண்டு. ஆகவேதான் ஓரிடத்தில் தொடங்கும் நோய் பல இடங்களில் தலைகாட்டுகிறது.

இந்த வகை நோய்களுள் நாம் கூடுதலாகக் காண்பது முடக்குவாதம். இரண்டு கைகளிலும் உள்ள சிறு மூட்டுகள் வீங்கி, காலையில் விறைத்துப் போகும். அடுத்தது லூப்பஸ். கன்னங்களில் செம்படை, வெய்யில் ஒவ்வாமை, தலைமயிர் உதிர்தல், மூட்டு நோவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். கண்ணும் வாயும் வரண்டு போகும் ஷோக்ரென் நோயும், தோல் இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறு பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதமும் உண்டு.

இனிக் கண்ணைப் பார்ப்போம். கண்ணின் வெள்ளைப் பகுதியான வன்கோது உறுதியான தொடுப்பிழையத்தால் ஆனது. கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல் இருக்கும் விழிவெண்படலமும் பெரும்பாலும் அதே நாரால் ஆனது. கண்ணின் உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. மேல் இமைக்குப் பின்னால் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தடம் மாறிய காவலுக்கு இலக்காகலாம். கை மூட்டில் நடப்பது கண்ணிலும் நடக்கலாம் என்பதை விளங்கிக் கொண்டால் மிகுதி எல்லாம் எளிதாக விளங்கும்.

கண்ணீர் வற்றும்போது

முடக்குவாதம், லூப்பஸ் இரண்டிலும் கண்ணுக்கு வரும் பாதிப்புகளுள் மிகவும் பொதுவானது வரட்சி. கண்ணீர் என்பது அழும்போது மட்டும் வருவதன்று. ஒவ்வொரு முறை கண் இமைக்கும்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படை விழியைக் கழுவி, ஈரமாக்கி, கிருமிகளையும் தடுக்கிறது. சுரப்பி தாக்கப்பட்டால் இந்தப் படை குறைந்துவிடும். கண்ணில் மணல் கிடப்பது போன்ற உறுத்தல், எரிவு, மாலையாகும்போது பார்வை மங்குதல், காலையில் இமை ஒட்டியிருத்தல் ஆகியவை தோன்றும். சிலருக்குக் கண் வரண்டிருக்கும்போதே நீர் வழிவதும் உண்டு. உறுத்தலால் திடீரென ஊறும் அந்த நீர் கண்ணில் தங்கிப் பயன் தருவதில்லை.

கண் வரட்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எழுதியவர் சுவீடன் நாட்டுக் கண் வைத்தியரான ஹென்றிக் ஷோக்ரென். 1933ஆம் ஆண்டு தமது பட்ட ஆய்வில் கண் வரண்ட 19 பெண்களைப் பற்றி அவர் எழுதினார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. அந்நாளில் அவருடைய ஆய்வுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. இன்று அந்த நோய் அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. கண்ணைச் சோதிக்கும் வைத்தியர் நோயாளியின் கைவிரல்களையும் பார்த்ததனால் கிடைத்த அறிவு இது.

இந்நோய் உள்ளவர்களுக்கு வாயிலும் எச்சில் குறையும். பாண் துண்டொன்றை விழுங்குவதற்கும் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். பற்கள் விரைவாகச் சூத்தையாகும். காதுக்குக் கீழே கன்னத்தில் வீக்கம் தோன்றலாம். அவ்வீக்கம் குறையாமல் நின்றால் கட்டாயம் வைத்தியருக்குக் காட்ட வேண்டும்.

கண்ணீர் குறைந்துள்ளதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 1903ஆம் ஆண்டில் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜேர்மன் வைத்தியர் விவரித்தது. வடிதாள் கீற்றொன்றின் நுனியை மடித்துக் கீழ் இமையில் மாட்டி ஐந்து நிமிடம் விடுவார்கள். தாள் 5 மில்லிமீற்றர் அளவுக்கு மேல் நனையாவிட்டால் கண்ணீர் மிகவும் குறைவு என்று கொள்ளலாம். சோதனையில் நோவு இல்லை.

வரட்சி உயிருக்கு ஆபத்தானதல்ல. ஆனால் கவனியாமல் விட்டால் விழிவெண்படலத்தில் கீறலும் புண்ணும் ஏற்படும். செயற்கைக் கண்ணீர் என்ற சொட்டு மருந்து இதற்குப் பயன்படும். இதில் ஸ்ரெரொயிட் இல்லை. ஒரு நாளில் பல முறை விடலாம். நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமல் வைக்கச் சேர்க்கப்படும் இரசாயனம் இல்லாத வகையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

வீட்டிலும் செய்யக் கூடியவை உண்டு. விறகடுப்பின் புகை வரண்ட கண்ணுக்குப் பெரிய எதிரி. அடுப்புக்கு மேலே புகை போக வழி செய்தல், உலர்ந்த விறகை எரித்தல், கதவு, யன்னல்களைத் திறந்து வைத்தல் என்பன உதவும். மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே படாமல் படுக்க வேண்டும். வயலிலும் பாதையிலும் காற்றையும் தூசியையும் தடுக்கக் கண்ணாடி அணியலாம். தையல் வேலை, வாசிப்பு ஆகியவற்றின் இடையே கண்ணை மூடி ஓய்வு கொடுக்க வேண்டும். தடிமனுக்கு எடுக்கும் சில குளிசைகள் கண்ணையும் வாயையும் மேலும் வரட்டும். அவற்றைத் தாமாக வாங்கி விழுங்குவதைத் தவிர்க்கவும்.

சிவந்த கண் எல்லாம் ஒன்றல்ல

கண் சிவந்தால் அது கண்ணோய் என்று நினைப்பதே வழக்கம். கிருமியால் வரும் கண்ணோயில் பீளை தள்ளும், இமை ஒட்டும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். பார்வை பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் முடக்குவாதமோ லூப்பசோ உள்ள ஒருவருக்கு, பீளை இல்லாமல் கண் சிவந்தால் வேறு நான்கு காரணங்களைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, வன்கோதின் மேற்பரப்பில் மாத்திரம் ஏற்படும் அழற்சி. கண்ணின் ஒரு பக்கம் சிவந்திருக்கும். சிறிய உறுத்தல் இருக்கும். பார்வை குறையாது. இது பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்.

இரண்டாவது, வன்கோதின் ஆழத்தில் ஏற்படும் அழற்சி. இது மிகவும் வேறுபட்டது. நோவு கடுமையாக, குடைவது போல இருக்கும். புருவத்துக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் பரவும். இரவிலும் விடியற்காலையிலும் நித்திரையிலிருந்து எழுப்பும். கண்ணைத் தொடவே முடியாது. சிவப்பு நிறம் கருஞ்சிவப்பாக அல்லது ஊதா கலந்ததாக இருக்கும். இந்த அழற்சி வன்கோதை அரித்து மெலியச் செய்யும். உடலின் பிற நோய்களோடு சேர்ந்து இது வரும்போது அந்நோய் பெரும்பாலும் முடக்குவாதமாகவே இருக்கிறது.

மூன்றாவது, விழிவெண்படலத்தின் ஓரம் அரிக்கப்படுதல். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தாய்க்கு ஏற்பட்டது இதுதான். கருவிழியின் விளிம்பில் பிறை வடிவில் பள்ளம் விழும். சில நாட்களுக்குள் விழி ஓட்டையாகிவிடவும் கூடும். இதை வெறும் கண் புண் என்று கொள்ளக்கூடாது. உடலின் இரத்தக் குழாய்களிலும் அழற்சி தொடங்கிவிட்டது என்பதற்கு இது அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் நரம்பு, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவையும் ஆபத்தில் உள்ளன. கண்ணில் விடும் சொட்டு மருந்து மட்டும் இங்கு போதாது. காவலை அடக்கும் பலமான மருந்துகளை உடலுக்கே கொடுக்க வேண்டும். கண்ணைக் காக்கும் அதே சிகிச்சை உயிரையும் காக்கும்.

நான்காவது, கண்ணின் உள்ளே கதிராளியில் ஏற்படும் அழற்சி. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். பார்வை மங்கும். இடுப்பும் முதுகும் காலையில் விறைத்து, நடமாடத் தொடங்கியதும் இளகும் ஒரு வகை வாதம் இளைஞர்களுக்கு வருவதுண்டு. அவர்களிடம் இந்த அழற்சி கூடுதலாகக் காணப்படுகிறது. முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதித்தால் கதிராளி பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொண்டு, கண் அமுக்கம் கூடவும் கண்புரை வரவும் வழியாகும்.

முதலாவதையும் இரண்டாவதையும் வெறும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது வைத்தியருக்கே சில வேளை கடினம். ஆகையால் வீட்டில் இருப்பவர்கள் நோவையும் பார்வையையும் அளவுகோலாகக் கொள்ளட்டும். நித்திரையைக் கெடுக்கும் நோவு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அல்லது மறுநாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சிவக்காமலே வரும் ஆபத்து

கண் சிவந்தாலாவது நாம் கவனிப்போம். சிவக்காமல் வருவது இன்னும் பொல்லாதது.

சிறு பிள்ளைகளின் மூட்டுவாதத்தை எடுத்துக் கொள்வோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை. ஒரு முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. பிள்ளை அதிகம் அழவும் இல்லை, நொண்டிக்கொண்டு விளையாடுகிறது. இப்படியான பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, கண்ணின் உள்ளே அழற்சி வருவதுண்டு. கண் வெள்ளையாகவே இருக்கும். நோவும் இராது. பார்வை குறைவதைச் சொல்லவும் பிள்ளைக்குத் தெரியாது. கருமணி வட்டமாக இல்லாமல் கோணலாகத் தெரியும்போது அல்லது பாடசாலையில் கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

எனவே மூட்டுவாதம் என்று கண்டறியப்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும், கண்ணில் ஒரு முறைப்பாடும் இல்லாவிட்டாலும், கண் வைத்தியர் கீற்றொளிக் கருவியால் பார்க்க வேண்டும். ஆபத்துக் கூடிய பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இச்சோதனை அவசியம். முழங்கால் வீக்கம் வற்றிய பின்னரும் சோதனையை நிறுத்தக் கூடாது. மூட்டு சுகமாகியும் கண்ணில் நோய் தொடரலாம்.

லூப்பஸ் நோயில் விழித்திரையின் நுண் இரத்தக் குழாய்கள் அடைபடலாம். வைத்தியர் கண்ணின் உள்ளே பார்க்கும்போது பஞ்சுத் துணுக்குகள் போன்ற வெண் புள்ளிகள் தெரியும். நோயாளி பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை. ஆனால் உடலுக்குள் லூப்பஸ் சூடு பிடித்திருக்கிறது என்று அப்புள்ளிகள் அறிவிக்கின்றன. உடனே இரத்த அமுக்கத்தையும் சிறுநீரையும் சோதிக்க வேண்டும். திடீரென ஒரு கண்ணில் பார்வை போய்விட்டால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

நீண்ட கால முடக்குவாதம் உள்ள முதியவர்களில் சிலருக்கு வன்கோது நோவின்றியே மெலிந்து போகும். வெள்ளைக் கண்ணில் நீலம் அல்லது சாம்பல் நிறத் திட்டு ஒன்று தோன்றும். உள்ளே உள்ள கருநிறப் படை வெளியே தெரிவதே அந்த நீலம். அந்தக் கண்ணில் சிறு அடி பட்டாலும் விழி கிழியலாம். பாட்டியின் கண்ணில் இப்படியொரு திட்டைக் கண்டால் வயது போனதால் வந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

மருந்தே பகையாகும்போது

இந்நோய்களுக்குக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டு கண்ணோடு நேரடியாகத் தொடர்புடையவை.

முதலாவது ஸ்ரெரொயிட். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹெஞ்சும் அவருடன் பணிபுரிந்தவர்களும் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கோட்டிசோன் கொடுத்தபோது, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் இதற்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றும் கண்ணைக் காக்கும் அவசர மருந்து அதுவே. ஆனால் நீண்ட காலம் உபயோகித்தால் கண்புரை வரும். சிலருக்குக் கண் அமுக்கம் கூடி, நோவு எதுவும் இல்லாமலே பார்வை நரம்பு பட்டுப் போகும். அப்படிப் போன பார்வை திரும்பி வராது.

மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன் போன்ற ஸ்ரெரொயிட் இருக்கும். அது விட்டவுடன் சிவப்பு மறையும். சுகம் வந்தது என்று எண்ணுவோம். நெல் வெட்டும்போது தாள் கீறிய கண்ணில் பங்கசு பிடித்திருந்தால், அல்லது ஹேர்பீஸ் வைரசு இருந்தால், அதே மருந்து புண்ணை ஆழமாக்கிக் கண்ணைக் கெடுத்துவிடும். ஸ்ரெரொயிட் சொட்டு மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவர் கண்ணைக் கருவியால் பார்த்த வைத்தியர் மாத்திரமே. சென்ற முறை மிஞ்சிய போத்தலை இம்முறை எடுத்து விடுவதும், ஒருவருக்குத் தந்த மருந்தை மற்றவருக்குக் கொடுப்பதும் கூடாது.

பெயர் எழுதாத பொட்டலங்களில் விற்கப்படும் மூட்டுநோவுத் தூள்கள், குளிசைகள் குறித்தும் அவதானமாக இருங்கள். இவ்வகைப் பொருட்களில் ஸ்ரெரொயிட் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்துள்ளார்கள். முகம் வீங்கி, இரத்த அமுக்கம் கூடி, இளம் வயதிலேயே கண்புரை வந்தவரிடம் வைத்தியர் இதைப் பற்றிக் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். நீண்ட காலம் ஸ்ரெரொயிட் குளிசை எடுத்தவர் பயந்துபோய் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. வைத்தியர் சொல்வதுபோல் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இரண்டாவது ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இது மலேரியாவுக்கு எமது பெரியவர்கள் விழுங்கிய குளோரோகுயின் குளிசையின் நெருங்கிய உறவு. இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் இந்தக் குளிசை லூப்பசுக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்ந்து பயன்படுகிறது. லூப்பஸ் நோயாளிகளின் சிறுநீரகத்தையும் உயிரையும் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே கீழே சொல்வதை வாசித்துவிட்டு எவரும் இக்குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

இம்மருந்து பல வருடங்கள் உடலில் சேரும்போது விழித்திரையின் நடுப்பகுதியைப் பாதிக்கலாம். இதற்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது நோயாளியின் நிறை. ஒரு நாளைக்குரிய அளவு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இன்றைய வழிகாட்டல். குளிசை ஒன்று பொதுவாக 200 மில்லிகிராம். 80 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு இரண்டு குளிசை பொருந்தும். 40 கிலோ நிறையுள்ள மெலிந்த பெண்ணுக்கு ஒன்றே போதும். அவரும் இரண்டு விழுங்கினால் அளவு இரு மடங்காகிவிடும். 60 கிலோ உள்ளவருக்கு ஒரு நாள் இரண்டு, மறுநாள் ஒன்று என்று வைத்தியர் எழுதக் கூடும். வயலிலும் தோட்டத்திலும் உழைத்து மெலிந்த எமது பெண்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியமானது. நோயால் நிறை குறைந்தவர்கள் அதை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. முதல் ஐந்து வருடங்களில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவும், பத்து வருடம் வரை 100 பேரில் இருவருக்கும் குறைவாகவும் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் தாண்டும்போது 100 பேரில் ஏறக்குறைய 20 பேர் வரை கூடுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், மார்புப் புற்றுநோய்க்காகத் தமொக்சிபென் எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். எனவே குளிசை தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒருமுறை கண்ணைச் சோதிக்க வேண்டும். ஐந்து வருடத்தின் பின்னர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். ஆபத்துக் கூடியவர்கள் அதற்கு முன்னரே ஆண்டுச் சோதனையைத் தொடங்க வேண்டும். பார்வைப் புலச் சோதனையும் விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் சோதனையும் பாதிப்பைத் தொடக்கத்திலேயே காட்டிவிடும். நோயாளி தாமாக உணரும்வரை காத்திருந்தால் பாதிப்பு நிலைத்துவிடும். மருந்தை நிறுத்தினாலும் அது சில காலம் தொடரக் கூடும்.

கிளினிக் கொப்பியின் முதற் பக்கம்

இவ்வளவும் வாசித்த பின்னர் நாம் என்ன செய்யலாம்? செலவில்லாத ஒரு வேலை உண்டு. மூட்டுநோய்க்கு ஒரு கிளினிக் கொப்பி, கண்ணுக்கு வேறொரு கொப்பி என்று வைத்திருப்பவர்கள் பலர். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கொப்பியின் முதற் பக்கத்திலும் பின்வரும் ஐந்து விடயங்களை எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பாடசாலை போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

1. நோயின் பெயர், தொடங்கிய வருடம்.
2. இப்போது எடுக்கும் குளிசைகள், ஒவ்வொன்றும் நாளுக்கு அல்லது கிழமைக்கு எத்தனை. மெதோற்றெக்சேற் கிழமைக்கு ஒரு நாள் மாத்திரம் எடுப்பது என்பதால், அந்த நாளின் பெயரையும் எழுதவும்.
3. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் தொடங்கிய மாதமும் வருடமும்.
4. உடல் நிறை, நிறுத்த திகதி.
5. கண் கடைசியாகச் சோதிக்கப்பட்ட திகதி.

கண் பகுதிக்குப் போகும்போது, கேட்காவிட்டாலும் "எனக்கு முடக்குவாதம் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். மூட்டு கிளினிக்கில், "கண் பார்த்து ஒரு வருடமாகிறது, கண் பகுதிக்கு ஒரு துண்டு தாருங்கள்" என்று கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. கேட்பது நோயாளியின் உரிமை. கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் மாதர் சங்க அங்கத்தவர்களும் தமது பகுதியில் மூட்டுநோய் உள்ளவர்களின் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்த்தால், சோதனை தவறியவர்களை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.

வீட்டில் மாதம் ஒருமுறை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரைப் பாருங்கள். பின்னர் மறு கண்ணால் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். பிள்ளையின் சதுரக் கொப்பித் தாளின் நடுவில் ஒரு புள்ளி இட்டு, ஒரு அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணால் அப்புள்ளியைப் பாருங்கள். கோடுகள் வளைந்தோ அழிந்தோ தெரிந்தால் வைத்தியருக்குக் காட்ட வேண்டும். ஆனால் கோடுகள் நேராகத் தெரிகின்றன என்பதற்காக ஆண்டுச் சோதனையைத் தவறவிடக் கூடாது. வைத்தியசாலைக் கருவி காண்பது எமது கண்ணுக்குப் பல வருடங்கள் பிந்தியே தெரியும்.

பெரியவர்கள் கேட்கும் கேள்வி

"எங்கள் காலத்தில் முலைப்பாலும் பூச்சாறும் விட்டுத்தானே சுகமாகினோம்?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. சிறிய உறுத்தலும் இலேசான கண்ணோயும் தாமாகவே மாறும் இயல்புள்ளவை. என்ன விட்டாலும், விடாவிட்டாலும் மாறியிருக்கும். ஆனால் மூட்டுநோய் உள்ளவரின் விழிவெண்படலம் ஏற்கெனவே வரண்டும் மெலிந்தும் இருக்கலாம். காவலை அடக்கும் குளிசை எடுப்பதால் கிருமியை எதிர்க்கும் பலமும் குறைந்திருக்கும். அந்தக் கண்ணில் கொதிக்க வைக்காத சாறோ பாலோ விழுவது புண்ணுக்குள் கிருமியை ஊற்றுவது போலாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவை விலை மதிப்பில்லாத நாட்களைத் தின்றுவிடுகின்றன.

இன்னொரு கேள்வி: "கண் பழுதானால் தானமாகக் கிடைக்கும் கண்ணைப் பொருத்தலாம்தானே?" கண் தானத்தில் எமது நாடு உலகறிந்த நாடு. 1961ஆம் ஆண்டு டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் பல நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பியுள்ளது. ஆனால் உள்ளே எரியும் நோயை அடக்காமல் புதிய விழிவெண்படலத்தைப் பொருத்தினால் அதையும் அந்த நோய் அரித்துவிடும். விழித்திரையும் பார்வை நரம்பும் பட்டுப்போனால் பொருத்துவதற்கு இன்னொன்று இல்லை.

நாம் தொடக்கத்தில் கண்ட தாயிடம் திரும்புவோம். சிவந்த முதல் நாளிலேயே அவர் தமது கொப்பியோடு பஸ் ஏறியிருந்தால், கண் வைத்தியர் முதற் பக்கத்தில் முடக்குவாதம் என்ற சொல்லைக் கண்டிருப்பார். மூட்டு வைத்தியரோடு பேசி அன்றே சிகிச்சை தொடங்கியிருப்பார். ஒரு நாள் மிளகாய்க் கூலியும் பஸ் காசும் போயிருக்கும். கண் நின்றிருக்கும். உங்கள் வீட்டிலோ அயலிலோ விரல் கோணிய ஒருவர் இருந்தால், இன்று மாலை அவருடைய கொப்பியை எடுத்து, கடைசியாகக் கண் பார்த்த திகதி எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால், அடுத்த கிளினிக் நாளில் அவரோடு நீங்களும் போங்கள்.